ஹோக்கோக்கு மாருவை மூழ்கடித்தது பெங்கால்தானா?

நண்பர் கேட்டிருப்பது சுருக்கமான கேள்வி. இரண்டாம் உலகப் போரில் எச்.எம்.ஐ.எஸ். பெங்கால் என்ற சிறிய இந்தியக் காவல் கப்பல் தன்னைவிடப் பதினைந்து மடங்கு பெரிய ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்தது என்று ஓரிடத்தில் படித்திருக்கிறார். அதே கப்பல், தான் காத்து அழைத்துச்செல்ல வேண்டிய எண்ணெய்க் கப்பலை நடுக்கடலில் கைவிட்டுவிட்டுப் போனது என்று வேறோரிடத்தில் படித்திருக்கிறார். இரண்டில் எது உண்மை என்று கேட்கிறார். இவற்றை வெவ்வேறு சம்பவங்கள் என்றோ, ஒன்று மெய் மற்றது அவதூறு என்றோ நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் இரண்டும் 1942 நவம்பர் 11 அன்று நடந்த ஒரே சண்டையின் முன்பாதியும் பின்பாதியும் ஆகும். ஆகவே இங்கே உண்மையில் கேட்கப்படுவன இரண்டு: ஹோக்கோக்கு மாரு என்ற அந்தக் கப்பலைத் தாக்கி அழித்த குண்டு யாருடையது? குண்டு தீர்ந்த நிலையில் பெங்கால் விலகிச்சென்றது முறையா? முதலாவதற்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. இரண்டாவதற்கு என்னால் ஓரளவு உறுதியாகவே விடை சொல்ல முடியும்.

கடற்படையில் பீரங்கிப் பிரிவில் பணியாற்றி, பின்னர் அதே துறையில் இளைஞர்களுக்குப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் இந்தச் சண்டையை நான் பலமுறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஜப்பானியத் தரப்பு விவரங்களை ஆங்கிலத்தில் வந்த தொகுப்புகள் வழியாகவே அறிவேன். அந்த வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் கப்பலைப் பற்றி. பெங்கால் சிட்னியில் உள்ள காக்கட்டூ தீவின் கப்பல் தளத்தில் கட்டப்பட்டது. ஆஸ்திரேலியர்கள் பாதர்ஸ்ட் வகை என்று அழைத்த, கடலில் போடப்பட்ட கண்ணிவெடிகளை வாருவதற்கும் கப்பல்களுக்கு வழித்துணையாகச் செல்வதற்கும் ஏற்ற சிறு போர்க்கப்பல்களில் அதுவும் ஒன்று. இந்த வகையில் 4 கப்பல்கள் அன்றைய அரச இந்தியக் கடற்படைக்கு வந்தன: பெங்கால், பம்பாய், மதராஸ், பஞ்சாப். நம் ஊரின் பெயரைத் தாங்கிய மதராஸ் இதன் உடன்பிறப்பு என்பது பலருக்குத் தெரியாது. நீளம் சுமார் 57 மீட்டர், எடை சுமார் 650 டன், வேகம் 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல்மைல். நீர்மூழ்கிகளை எதிர்க்க ஆழ்வெடிகளும், விமானங்களை எதிர்க்க சிறு தானியங்கித் துப்பாக்கிகளும் இருந்தன. மேற்பரப்பில் வரும் கப்பலோடு சண்டையிட இருந்தது முன்தளத்தில் நின்ற ஒரே ஒரு பீரங்கி. 1942 ஆகஸ்டில் சேவையில் சேர்ந்த இக்கப்பலின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் வில்லியம் ஜோசப் வில்சன். இவர் அரச இந்தியக் கடற்படையின் ரிசர்வ் அதிகாரி. சண்டை நடந்த நாளில் கப்பலுக்கு வயது மூன்று மாதம். தான் சேரவேண்டிய இந்தியத் துறைமுகங்களை அது அதுவரை கண்டதே இல்லை. சிட்னியிலிருந்து இந்தியாவுக்கு வரும் முதல் பயணத்திலேயே, வழியில் ஓர் எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகப் போகும் பொறுப்பும் அதற்குக் கொடுக்கப்பட்டது.

ஒரு கப்பலுக்கு ஒரு சிறு காவல் கப்பல் என்ற ஏற்பாடு இன்று படிப்பவருக்குப் போதாததாகத் தோன்றலாம். அந்த ஆண்டின் இந்தியப் பெருங்கடலை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 9 அன்று திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸும், அதற்குத் துணையாக வந்த வாம்பயர் என்ற நாசகாரிக் கப்பலும், அதே நாளில் ஹாலிஹாக் என்ற சிறு காவல் கப்பலும் மூழ்கின. பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையின் பெரும்பகுதி ஆப்பிரிக்கக் கரை வரை பின்வாங்கியிருந்தது. அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் நாளும் கப்பல்களைக் கொன்றுகொண்டிருந்ததால் வழித்துணைக் கப்பல்கள் எல்லாம் அங்கேதான் தேவைப்பட்டன. மேற்கு ஆஸ்திரேலியத் துறைமுகமான ஃப்ரீமேண்டிலிலிருந்து இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள டீகோ கார்சியா தீவு வரையுள்ள கிட்டத்தட்ட 2,800 கடல்மைல் வெறுங்கடலில் ஓர் எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக ஒரு கப்பல் கிடைத்ததே அன்று பெரிது.

அந்த எண்ணெய்க் கப்பல் ஓண்டினா. நெதர்லாந்தின் கொடி, 6,341 டன் கொள்ளளவு, டச்சு அதிகாரிகள், பெரும்பாலும் சீன மாலுமிகள், தலைவர் வில்லெம் ஹோர்ஸ்மன். அதன் பின்தளத்தில் ஒரு 102 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்தப்பட்டிருந்தது. அதை இயக்க ஒரு சிறு பீரங்கிக் குழுவும் இருந்தது. அதில் ஆஸ்திரேலியக் கடற்படை வீரர் ஒருவரும் அடக்கம். குண்டுகள் முப்பதைச் சற்றுத் தாண்டும். வாணிகக் கப்பல்களில் இப்படிப் பீரங்கி பொருத்துவது அன்று வழக்கம்தான். எழும்பி வரும் நீர்மூழ்கியை மிரட்டித் தள்ளிவைக்க என்றே அது வைக்கப்பட்டது. எதிரியின் போர்க்கப்பலோடு மோதுவார்கள் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை.

எதிரே வந்தவை ஹோக்கோக்கு மாருவும் ஐக்கோக்கு மாருவும். பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச்செல்லும் விரைவுக் கப்பல்களாக ஒசாகா நிறுவனம் ஒன்றுக்காகக் கட்டப்பட்டு, 1941-இல் கடற்படையால் எடுத்துக்கொள்ளப்பட்டுப் பீரங்கிகளும் டார்பிடோக் குழாய்களும் கடல்விமானங்களும் ஏற்றப்பட்ட கப்பல்கள் அவை. வேகம் 21 நாட் அளவு. 14 சென்டிமீட்டர் பீரங்கிகள் ஒவ்வொன்றிலும் பல. வாணிகக் கப்பல்களை வேட்டையாடுவதும், ஆப்பிரிக்கக் கரை வரை சென்ற ஜப்பானிய நீர்மூழ்கிகளுக்கு எண்ணெயும் உணவும் கொடுப்பதும் அவற்றின் வேலை. 1942 மே மாதம் ஜெனோட்டா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலையும், ஜூலையில் ஹவுராக்கி என்ற நியூசிலாந்துக் கப்பலையும் அவை மூழ்கடிக்காமல் பிடித்துக்கொண்டு போயின. ஜெனோட்டா பின்னர் ஜப்பானியக் கடற்படைக்கே எண்ணெய் சுமந்தது. இந்த விவரம் முக்கியமானது என்று நான் கருதுகிறேன். நவம்பர் 11 அன்று ஹோக்கோக்கு மாரு, தன் பீரங்கிகள் எட்டும் தொலைவிலேயே நின்று சுடாமல் சில ஆயிரம் கஜம் வரை நெருங்கி வந்ததற்கு, ஓண்டினாவையும் அதே போலப் பிடிக்க எண்ணியது காரணமாக இருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் அந்த நெருக்கம் இல்லாவிட்டால் பிறகு நடந்தது எதுவும் நடந்திருக்காது.

தனியாகக் கடலில் திரிந்து வாணிகக் கப்பல்களைப் பிடிக்கும் இத்தகைய கப்பல் தமிழ் வாசகர்களுக்கு அந்நியமல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டனும் அந்த வேலையைத்தான் செய்தது. அந்த எம்டன் முடிவுக்கு வந்தது 1914 நவம்பர் 9 அன்று, கொக்கோஸ் தீவுகளில். பெங்கால் சண்டையிட்ட இடம் அதே கொக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 500 கடல்மைலில் இருக்கிறது.

அன்று நண்பகலை நெருங்கும் வேளையில் பெங்காலின் கட்டளை மேடையிலிருந்து முதலில் ஒரு கப்பலும், சிறிது நேரத்தில் அதன் பின்னே இன்னொன்றும் தெரிந்தன. இரண்டும் எதிரிகள் என்று தெளிந்ததும் வில்சன் இரண்டு முடிவுகளை எடுத்தார். ஓண்டினாவைத் தனியே விலகி ஓடச் சொன்னார். தன் கப்பலை எதிரியை நோக்கித் திருப்பினார். இவ்விரண்டும் ஐயத்துக்கு இடமின்றி உறுதியானவை. இதில் நான் மாணவர்களிடம் எப்போதும் வலியுறுத்துவது, அது கண்மூடித்தனமான வீரம் அல்ல என்பதை. 15 நாட் கப்பல் 21 நாட் கப்பலிடமிருந்து ஓட முடியாது. ஓண்டினாவோ அதைவிடவும் மெதுவானது. இருவரும் சேர்ந்து ஓடினால் இருவரும் பிடிபடுவார்கள். காவல் கப்பல் நடுவில் நின்று எதிரியின் நேரத்தையும் குண்டையும் தன்மேல் வாங்கிக்கொண்டால் மற்றதற்கு ஒரு வாய்ப்பு பிறக்கும். இரண்டாண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கில் ஜெர்விஸ் பே என்ற துணைக் கப்பல், ஜெர்மன் போர்க்கப்பலான அட்மிரல் ஷீரை இதே கணக்கில்தான் எதிர்த்து நின்றது. அது மூழ்கியது; அது காத்த கப்பல்களில் பெரும்பாலானவை தப்பின. பெங்காலின் மாலுமிகளும் அதே முடிவைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு சிறு பீரங்கியை வைத்துக்கொண்டு, கிட்டத்தில் போனால்தான் அதற்கு ஏதேனும் பயன் என்ற நிலையில், அவர்கள் நேராகவே போனார்கள்.

ஓண்டினாவும் ஓடிக்கொண்டே பின்தளப் பீரங்கியால் சுடத் தொடங்கியது. இரண்டு கப்பல்களின் குண்டுகளும் ஹோக்கோக்கு மாருவையே குறிவைத்தன. சண்டை தொடங்கிச் சிறிது நேரத்திலேயே அதன் வலப்புற டார்பிடோக் குழாய்ப் பகுதியில் ஒரு குண்டு விழுந்தது. அங்கே இருந்த டார்பிடோக்கள் வெடித்தன. தீ பரவியது. பின்னர் பெரும் வெடிப்பு நிகழ்ந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் அக்கப்பல் மூழ்கியது. அதன் தலைவர் கேப்டன் இமாசாத்தோ உட்பட 76 பேர் இறந்தார்கள் என்றும், 354 பேரில் மற்றவர்கள் பின்னர் ஐக்கோக்கு மாருவால் மீட்கப்பட்டார்கள் என்றும் ஜப்பானியத் தரப்பை ஒட்டிய விவரங்கள் சொல்கின்றன.

அந்த ஒரு குண்டு யாருடையது? இந்தியத் தரப்பில் எழுதியவர்கள் பெங்காலுக்கே அதைக் கொடுக்கிறார்கள். டச்சுத் தரப்பில் எழுதியவர்கள் ஓண்டினாவின் பீரங்கிக் குழுவுக்குக் கொடுக்கிறார்கள். இரு தரப்பும் நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். இருவரும் சுட்டார்கள், இருவரும் எதிரி மேல் வெடிப்பைக் கண்டார்கள், இருவரும் தங்கள் குண்டு விழுந்தது என்று எண்ணினார்கள். பீரங்கித் துறையில் இருந்த எவருக்கும் இதில் வியப்பு இருக்காது. ஒரே இலக்கின்மேல் இரண்டு கப்பல்கள் ஒரே நேரத்தில் சுடும்போது, எந்த நீர்த்தூண் யாருடைய குண்டால் எழுந்தது என்று பிரித்தறிவது பயிற்சி பெற்ற கண்ணுக்கே கடினம். அதற்காகவே பெரிய போர்க்கப்பல்களின் குண்டுகளில் வெவ்வேறு சாயப்பொடிகளை வைத்து, விழும் இடத்தில் எழும் நீரின் நிறத்தால் கப்பலைக் கண்டறியும் முறை வந்தது. ஒரு சிறு காவல் கப்பலிலும் ஓர் எண்ணெய்க் கப்பலிலும் அதற்கெல்லாம் வழி ஏது? அதோடு, மேலே விழும் குண்டுகளுக்கு நடுவில் நின்று சுடுகிறவர்கள், தம் பீரங்கி முழங்கி ஒருசில நொடியில் எதிரியின் மேல்தளத்தில் பொறி பறந்தால், அதைத் தம்முடையது என்றுதான் மனத்தில் பதித்துக்கொள்வார்கள். நானும் பயிற்சிச் சுடுதலில் அப்படி உறுதியாக நம்பித் தவறியிருக்கிறேன்.

பீரங்கிகளின் அளவை வைத்துத் தீர்மானிக்கலாம் என்று சிலர் வாதிடுவார்கள். பெங்காலில் இருந்த பீரங்கியைப் பல கட்டுரைகள் 4 அங்குலம் என்று எழுதுகின்றன. கவனமாக எழுதப்பட்ட விவரங்கள் அதை 12 பவுண்டர், அதாவது 76 மில்லிமீட்டர் பீரங்கி என்கின்றன. நான் இதையே ஏற்கிறேன். இந்த வகைக் கப்பல்களுக்கு 4 அங்குலப் பீரங்கியே திட்டமிடப்பட்டிருந்தாலும், அது போதிய அளவில் கிடைக்காத காலத்தில் பல கப்பல்கள் 12 பவுண்டருடனேயே கடலுக்குப் போயின. பிற்காலத்தில் எழுதியவர்கள் வகைக்குரிய பொதுவான பட்டியலைப் பார்த்து 4 அங்குலம் என்று எழுதிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. ஓண்டினாவின் 102 மில்லிமீட்டரும் 4 அங்குலம்தான் என்பதால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. 12 பவுண்டரின் குண்டு ஏறக்குறைய 6 கிலோ. 4 அங்குலத்தின் குண்டு 14 கிலோ அளவு. கனமான குண்டு ஓண்டினாவுடையது என்பதால் அழிவும் அதனுடையதே என்பது ஒரு வாதம். ஆனால் கவசம் இல்லாத ஒரு வாணிகக் கப்பலின் தளத்தில், திறந்த நிலையில் இருக்கும் டார்பிடோவின் முனையில் விழுந்தால், 6 கிலோ குண்டும் போதும். ஹோக்கோக்கு மாருவைக் கொன்றது அது தன் தளத்திலேயே சுமந்துகொண்டிருந்த வெடிமருந்து. தீக்குச்சியைக் கிழித்தவர் யார் என்பதுதான் கேள்வி. ஓண்டினாவின் பக்கம் சாய்வு சற்று அதிகம் என்று நான் எண்ணுகிறேன். அதன் பீரங்கிக் குழு தங்கள் சுடுதலைப் பற்றிச் சொன்னது ஒன்றோடொன்று பொருந்தி வருகிறது என்பதே காரணம். அது சாய்வு மட்டுமே. யாராவது இதை முடிந்த முடிபாகச் சொன்னால், எந்தத் தரப்பில் சொன்னாலும், ஏற்காதீர்கள்.

நண்பர் படித்த "பதினைந்து மடங்கு" என்பதையும் இங்கே திருத்திவிட வேண்டும். பெங்காலின் 650 என்பது அது விலக்கும் நீரின் எடை. ஹோக்கோக்கு மாருவின் 10,438 என்பது வாணிகக் கப்பல்களுக்கான மொத்தக் கொள்ளளவு டன். அதில் ஒரு டன் என்பது 100 கன அடி இடம். ஒன்று எடை, மற்றது இடம். இரண்டையும் வகுத்து மடங்கு சொல்வது, நெல்லின் எடையை வயலின் பரப்பால் வகுப்பது போன்றது. எதிரி மிகமிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. அதைச் சொல்ல இந்தக் கணக்கு தேவையில்லை.

இனி இரண்டாவது கேள்வி. ஹோக்கோக்கு மாரு எரியத் தொடங்கிய பின் ஐக்கோக்கு மாரு நெருங்கிச் சுட்டது. பெங்கால் குண்டு பட்டுச் சேதமடைந்தது. அதன் பீரங்கிக்குக் கொடுக்கப்பட்டிருந்த குண்டுகள் சில பத்துகளே. அவை ஏறக்குறையத் தீர்ந்துபோயின. வில்சன் புகைத்திரை எழுப்பி விலகினார். அப்போது ஓண்டினாவும் குண்டடிபட்டுக்கொண்டிருந்தது. அது மூழ்கிவிட்டது அல்லது மூழ்கப்போகிறது என்றே பெங்காலில் இருந்தவர்கள் எண்ணினார்கள், பின்னர் அவ்வாறே அறிவித்தார்கள். பெங்கால் மேற்கே சென்று நவம்பர் 17 அன்று டீகோ கார்சியாவை அடைந்தது.

கைவிட்டது என்று சொல்பவர்கள், ஓண்டினா மூழ்கவில்லை என்ற பின்னாளைய செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேடையில் நின்றவரை மதிப்பிடுகிறார்கள். அன்று அந்த மேடையிலிருந்து தெரிந்தது என்ன? எண்ணெய்க் கப்பல் அடிபடுகிறது, தன் பீரங்கிக்குக் குண்டில்லை, தன்னைவிட வேகமான எதிரி முழு வலிமையோடு இருக்கிறான். குண்டில்லாத காவல் கப்பல் அங்கே நின்றிருந்தால் ஓண்டினாவுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைத்திருக்காது. மாறாக, தளத்தில் ஆழ்வெடிகளை அடுக்கிய ஒரு சிறு கப்பலில் ஒரே குண்டு சரியான இடத்தில் பட்டால் ஹோக்கோக்கு மாருவுக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்திருக்கும். வில்சனுக்குப் பின்னர் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் படைவிருது அளிக்கப்பட்டது. விருது கொடுத்தார்கள் என்பதால் செயல் சரி என்று நான் சொல்லவில்லை; விருதுகள் செய்தித் தேவைக்காகவும் கொடுக்கப்படுவதுண்டு. அந்தத் தூரம், அந்த வேகம், அந்தக் குண்டுக் கணக்கு ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால், வேறொருவர் அங்கே இருந்திருந்தாலும் வேறெதையும் செய்திருக்க முடியாது என்பதே என் முடிவு. எனினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓண்டினாவின் ஆட்கள் அந்தப் பின்மதியத்தில் பட்டது தனிமை. அவர்களில் சிலர் மனத்தில் ஒரு கசப்பு இருந்திருந்தால் அதையும் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் பெங்கால் மறைந்த பிறகு நடந்தவைதான் இந்தச் சம்பவத்தின் மிகக் கடுமையான பகுதி. குண்டுகள் தீர்ந்த நிலையில் ஹோர்ஸ்மன் கப்பலைவிட்டு இறங்க உத்தரவிட்டார். அந்த வேளையில் மேடையில் விழுந்த குண்டால் அவர் உயிரிழந்தார். மாலுமிகள் உயிர்காப்புப் படகுகளில் இறங்கினார்கள். ஐக்கோக்கு மாரு ஓண்டினாவின் மேல் இரண்டு டார்பிடோக்களைச் செலுத்தியது, இரண்டும் தாக்கின. பிறகு அது படகுகளில் இருந்தவர்களை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது, சிலர் இறந்தார்கள். அதன்பின் நீரில் கிடந்த ஹோக்கோக்கு மாருவின் ஆட்களை மீட்கப் போனது. திரும்பி வந்து இன்னொரு டார்பிடோவைச் செலுத்தியது, அது தவறிப்போனது. சாய்ந்து எரிந்துகொண்டிருந்த கப்பல் எப்படியும் மூழ்கும் என்று நினைத்தோ என்னவோ, ஐக்கோக்கு மாரு அங்கிருந்து அகன்றது.

ஓண்டினா மூழ்கவில்லை. எண்ணெய்க் கப்பலின் உடல் பல தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஓரிரண்டு அறைகள் கிழிந்தாலும் மற்றவை அதைத் தாங்கும். முதல் அதிகாரி ரேவிங்கெல் தலைமையில் மாலுமிகள் மீண்டும் ஏறினார்கள். முதலில் தயங்கியவர்களும் இருந்தார்கள். இன்னும் எரிந்துகொண்டிருந்த, எதிரி மறுபடி வரக்கூடிய ஒரு கப்பலுக்குத் திரும்பத் தயங்குவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தீயை அணைத்தார்கள், சாய்வைச் சரிசெய்தார்கள், இயந்திரத்தை இயக்கினார்கள். 1,400 கடல்மைலுக்கு மேல் கடந்து நவம்பர் 18 அன்று ஃப்ரீமேண்டிலில் வந்து சேர்ந்தார்கள். இறங்கும்போது இரகசியக் குறியீட்டுப் புத்தகங்களைக் கடலில் எறிந்துவிட்டிருந்ததால், வழியில் மருத்துவ உதவி கேட்டு அவர்கள் அனுப்பிய செய்தி கரையில் ஐயத்துக்கு உள்ளானது. ஓண்டினா மூழ்கிவிட்டது என்று ஏற்கெனவே செய்தி வந்திருந்ததால், எதிரியின் பொறியோ என்று கரையில் இருந்தவர்கள் எண்ணினார்கள். பெங்காலின் தவறான அறிவிப்பு விளைவித்த உண்மையான தீங்கு என்று ஒன்றைச் சொல்லலாமென்றால் அது இதுதான். அதுவும் வேண்டுமென்று செய்ததல்ல. நெதர்லாந்து அரசு பின்னர் ஹோர்ஸ்மனுக்கு, அவர் மறைவுக்குப் பின், தன் மிக உயர்ந்த படைவிருதை அளித்தது.

இந்தச் சண்டையை நம் இதழ்களில் எழுதும்போது ஓண்டினாவை வெறும் "காக்கப்பட்ட கப்பல்" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது என்னை நெடுநாளாக உறுத்தி வருகிறது. டச்சு மொழியில் எழுதப்பட்ட சிலவற்றில் பெங்கால் அதேபோல் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. உண்மையில் ஒன்றில்லாமல் மற்றது இல்லை. பெங்கால் எதிரே போனதால்தான் ஹோக்கோக்கு மாருவின் பீரங்கிகள் இரண்டு இலக்குகளுக்கு இடையே பிரிந்தன. ஓண்டினாவும் சுட்டதால்தான் அதே கப்பல் இரு பக்கத்திலிருந்தும் குண்டை எதிர்கொண்டது. பெங்காலின் மாலுமிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைய அரச இந்தியக் கடற்படையில் மாலுமிகள் நம் துணைக்கண்டத்தார், அதிகாரிகள் பெரும்பாலும் ஐரோப்பியர். போருக்கு முன் மாலுமிகளில் பெரும்பகுதி பஞ்சாபிலிருந்தும் இரத்தினகிரிக் கரையிலிருந்தும் எடுக்கப்பட்டவர்கள். போர் பெருகியபின் தென்னிந்தியா உட்பட எல்லாப் பகுதிகளிலிருந்தும் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலான விவரங்களில் கப்பல் தலைவரின் பெயர் மட்டும் வருகிறது. அந்த 12 பவுண்டருக்குக் குண்டு நிரப்பியவர்கள் பெயரின்றி நிற்கிறார்கள். சிறு கப்பல்களின் அன்றாடப் பதிவேடுகள் பெருங்கப்பல்களுடையவை போலப் பேணிக் காக்கப்படாததும் இதற்கு ஒரு காரணம்.

சண்டையின் விளைவைப் பற்றியும் மிகைப்படுத்திய கூற்றுகள் உண்டு. இதனால் இந்தியப் பெருங்கடலில் ஜப்பானிய வேட்டைக் கப்பல்களின் கதையே முடிந்தது என்பார்கள். அந்த நாளுக்குப் பின் மாறுவேடத்தில் திரியும் இத்தகைய கப்பல்களை ஜப்பான் பெரிய அளவில் அங்கே அனுப்பவில்லை என்பது சரி. ஆனால் அதே 1942 நவம்பரில் பசிபிக்கில் உள்ள குவாடல்கனால் தீவில் நடந்த கடும்போர் ஜப்பானின் போக்குவரத்துக் கப்பல்களை விழுங்கிக்கொண்டிருந்தது. வேகமான பெரிய கப்பல் ஒவ்வொன்றும் படைகளை ஏற்றிச்செல்லத் தேவைப்பட்டது. ஹோக்கோக்கு மாருவின் இழப்பு ஒரு காரணம் என்பேன். ஒரே காரணம் என்று சொல்லமாட்டேன்.

பெங்கால் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் கடலுக்குப் போனது. கிழக்குக் கடற்படையின் கீழ் 1945 வரை இந்தியப் பெருங்கடலில் கப்பல் கூட்டங்களுக்கு வழித்துணையாக இருந்தது. அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்லச் சண்டை எதுவும் இல்லை. காவல் கப்பலின் சேவைக் காலத்தில் பெரும்பகுதி அப்படித்தான் கழியும்: இரவும் பகலும் ஒரே வேகத்தில், மெதுவான கப்பல்களின் பக்கத்தில், ஒலிக்கருவியைக் கேட்டுக்கொண்டு. விடுதலைக்குப் பின் ஐ.என்.எஸ். பெங்கால் என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் தொடர்ந்து, 1960-இல் சேவை முடிந்து உடைக்கப்பட்டது. ஓண்டினா பழுதுபார்க்கப்பட்டுப் போர் முடியும்வரை உழைத்தது. ஐக்கோக்கு மாரு 1944 பிப்ரவரி 17 அன்று பசிபிக்கில் உள்ள ட்ரக் தீவுக் கடற்காயலில் அமெரிக்க விமானங்கள் தாக்கியபோது, தான் சுமந்திருந்த வெடிமருந்து வெடித்து நொடியில் சிதறி மூழ்கியது. ஹோக்கோக்கு மாருவுக்கு நேர்ந்த அதே முடிவு, அதைவிடப் பெரிய அளவில்.